ஃபேனுக்குக் கீழே இரண்டு இடம்

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு ஏஜெண்டாகவும் நிருபராகவும் இருந்தேன். காலை ஐந்து மணிக்குப் பஸ்ஸில் வரும் பத்திரிகைக் கட்டை இறக்கிப் பிரித்து, சைக்கிளில் வீடு வீடாகப் போடுவது ஏஜெண்டு வேலை. பகலில் ஊரில் நடந்ததை எழுதி உறையில் போட்டு, மாலை நான்கரை மணிக்குத் திருநெல்வேலி போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுப்பது நிருபர் வேலை. நான் எழுதியது மறுநாள் அச்சில் வந்திருந்தால் அதையும் நானே வீடு வீடாகப் போடுவேன். வராத நாளிலும் போட்டாக வேண்டும்.

எனக்கு இருபத்தாறு வயது. திருநெல்வேலி அலுவலகத்தில் முழுநேர நிருபராக உட்கார வேண்டும் என்பது ஆசை. ஓர் ஐப்பசி மாதம் அங்கிருந்த செய்தி ஆசிரியர் எனக்கு அஞ்சல் அட்டை ஒன்று எழுதினார். மூத்த நிருபர் ஒருவர் இன்னும் ஒன்றரை வருடத்தில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் நான் தமிழ்ச் சுருக்கெழுத்தில் லோயர் தேறியிருந்தால் அந்த இடத்துக்கு என்னை எடுத்துக்கொள்வார். தேறாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார். இவ்வளவும் மூன்று வரி. நான்காவது வரியில், போன வாரம் நான் அனுப்பிய மழைச் செய்தியில் எந்த ஊரில் மழை என்பது இல்லை என்று எழுதியிருந்தார்.

சுருக்கெழுத்துத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும், பிப்ரவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று. எனக்கு மூன்று வாய்ப்பு இருந்தது. லோயர் என்றால் நிமிடத்துக்கு எண்பது வார்த்தை. ஐந்து நிமிடம் வாசிப்பார்கள். எழுதிக்கொண்டு, பிறகு அதைச் சாதாரணத் தமிழில் பெயர்த்துக் கொடுக்க வேண்டும். ஒருவருக்குக் கை இருந்து, தினமும் ஒரு மணி நேரமும் இருந்தால் முடிகிற காரியம்.

எனக்கு இரண்டும் இருந்தன. ஆகவே முதலில் கால அட்டவணை போட்டேன். எழுத்து, சொற்சுருக்கம், வேகம், பெயர்ப்பு என்று நான்குக்கும் நான்கு நிற மை. பச்சை மை சங்கரன்கோவிலில் அன்று கிடைக்கவில்லை. அது வருகிறவரை ஆறு நாள் காத்திருந்தேன். 'நிமிடத்துக்கு எண்பது' என்று பெரிதாக ஓர் அட்டையில் எழுதி, கண் விழித்ததும் படுகிற மாதிரி சுவரில் ஒட்டினேன். பொங்கலுக்கு அம்மா அதன் மேல் ஒரு ஜவுளிக்கடை காலண்டரை மாட்டினாள். ஆணி அங்கேதான் இருந்தது என்றாள். பிப்ரவரித் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் கடந்துபோனது எனக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. அட்டவணையில் அதற்குக் கட்டம் விட்டிருக்கவில்லை.

ரத வீதி ஒன்றில் பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் இன்ஸ்டிடியூட் இருந்தது. இரண்டு அறை. முன் அறையில் எட்டு டைப்ரைட்டிங் மெஷின்கள். பின் அறையில் நீள மேசை ஒன்றும் பத்து நாற்காலிகளும். அங்கேதான் மாலை ஆறு மணிக்கு மாஸ்டர் சுருக்கெழுத்துக்கு வாசிப்பார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, கையில் ஸ்டாப் வாட்ச். பழைய தலையங்கங்களை வெட்டி ஒட்டி வைத்திருந்தார். அணை, உரம், நூல் விலை, பஸ் கட்டணம் என்று போகும். பஞ்சம் வந்ததும் பாலம் திறந்ததும் அவர் குரலில் ஒன்றாகவே இருக்கும்.

முன் அறையில் ஃபேன் கிடையாது. காகிதம் பறக்கும் என்று மாஸ்டர் வைக்கவில்லை. பின் அறையில் ஒன்று உண்டு. அதன் காற்று இரண்டு நாற்காலிகளுக்கு மட்டும் வரும். மற்ற எட்டு நாற்காலிகளுக்கு அதன் சத்தம் வரும். புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பையனும் ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மாவும் அந்த எட்டில் இருந்தார்கள். யார் துண்டு போட்டு இடம் பிடித்தாரோ அவருக்கு அந்த இடம் என்பது அங்கே வழக்கம். அந்த இரண்டில் ஒன்று எனக்குக் கிடைத்ததற்குக் காரணம், நான் சேர்ந்தபோது அங்கே இருந்தவர் கல்யாணமாகி விருதுநகர் போயிருந்தார். இன்னொன்று ஓர் அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஓர் அரசு அலுவலகத்தில் அட்டெண்டர். அவர் வீட்டின் முன்கட்டில் தம்பியின் விசைத்தறிகள் இரண்டு ஓடின. முதலில் அவர் டைப்ரைட்டிங்கில்தான் சேர்ந்திருந்தார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

"வீட்டுல தறி சத்தம் போடுது, எம் பொஞ்சாதி சத்தம் போடுதா, தம்பி பொஞ்சாதி சத்தம் போடுதா. இங்கன வந்தா நான் சத்தம் போடலாம்லா."

"பெறவு ஏன் சுருக்கெழுத்துக்கு மாறினீய?"

அவர் மேலே பார்த்தார். நானும் பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் லோயர் மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றிருந்தார். அது அவருக்கு ஒரு விஷயமாகத் தெரியவில்லை. அவர் முகத்தில் லட்சியம் என்று சொல்லத்தக்கது எதையும் நான் பார்க்கவில்லை. அவரைவிட எனக்கு எவ்வளவோ மேலான காரணம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் தினமும் வந்தார். நான் வாரத்துக்கு மூன்று நாள் வந்தேன்.

ஜூலையில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறியது. கோமதி அம்மன் தவம் இருந்து சங்கரநாராயணர் காட்சி கொடுக்கும் திருவிழா. கொடி ஏறிய நாளிலிருந்து தபசு நாள் வரை எங்கள் ஊர்க்காரர்கள் கோயிலைச் சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று, ஆயிரத்தொன்று என்று அவரவர் நேர்ந்துகொண்டபடி. ஒற்றைக் காலில் தவம் நிற்கிற அம்மனின் கால் வலியைச் சுற்றுகிறவர்கள் பங்கு போட்டுக்கொள்வதாக நம்பிக்கை. இந்தப் பத்தியை நான் வருடா வருடம் செய்தியாக எழுதி அனுப்பி வந்தேன். ஒரு சொல்லும் மாறாது. அவர்களும் மாற்றாமல் போட்டு வந்தார்கள்.

அந்த வருடம் நானும் நேர்ந்துகொண்டேன். தேர்வில் தேறுவதற்காக ஐந்நூற்றியொரு சுற்று. ஆகஸ்ட் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. எனக்கு வேண்டியது ஊக்கம், அது வேறெங்கும் கிடைக்கவில்லை, அம்மனிடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன்.

மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்கு நடை சாத்துகிறவரை சுற்றலாம். ஒரு சுற்றுக்கு எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. சிலர் எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டையை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாற்றுவார்கள். சிலர் நூலில் முடிச்சுப் போடுவார்கள். என்னிடம் சுருக்கெழுத்து நோட்டும் பென்சிலும் இருந்தன. ஒரு சுற்றுக்கு ஒரு கோடு போட்டேன்.

இரண்டாம் நாள் தொடை இறுகியது. நான்காம் நாள் பாதத்தில் கொப்புளம். ஆறாம் நாள் ஒன்றும் தெரியவில்லை, கால் தானாகப் போனது. ஒரு நாளும் தவறவில்லை. நான்கு நிற மையால் முடியாததை ஒரு பென்சில் செய்தது. கோடுகள் வளர வளர எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மா தினமும் எத்தனை ஆயிற்று என்று கேட்டாள். எதிர் வீட்டு அம்மாளும் கேட்டாள். பஸ் நிலையத்து டீக்கடைக்காரர் சில்லறையைக் கொடுக்கும்போது கேட்டார்.

"எத்தன முடிஞ்சிருக்கு தம்பி?"

"முன்னூத்தி நாப்பது."

"சபாசு! பெறவென்ன, பாஸ்தான். எந்தூருல வேலை?"

"திருநெல்வேலி."

"போனதும் இந்த ஊரு பஸ் ஸ்டாண்டுல தண்ணி இல்லன்னு ஒரு வரி எழுதிப் போடும்."

எழுதுகிறேன் என்று சொன்னேன். வேலையில் சேர்ந்துவிட்ட தோரணையிலேயே சொன்னேன் என்று நினைக்கிறேன். தபசுக்கு முதல் நாள் இரவு எட்டே முக்கால் மணிக்கு ஐந்நூற்றியொன்றாவது கோட்டைப் போட்டேன். அன்று தூங்கியது போல அந்த வருடம் வேறெந்த நாளும் தூங்கவில்லை. ஏதோ ஒன்றை முடித்துவிட்டவனுடைய தூக்கம் அது.

மறுவாரம் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். மாஸ்டர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"என்னடே இது?"

"ஆடிச்சுற்று, சார். ஐந்நூத்தியொண்ணு."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் இரண்டு பக்கம் பார்த்தார்.

"கோடு நல்லா இருக்கு. ஒண்ணும் வளையல. இப்படியே மத்த எழுத்தும் போடு."

அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டு, "காத்தில்லாத நேரத்துலயா சுத்துனீரு?" என்று மட்டும் கேட்டார்.

தேர்வு திருநெல்வேலியில் ஒரு பாலிடெக்னிக்கில் நடந்தது. வாசித்தவர் மாஸ்டர் இல்லை. அவருக்கு வேறு குரல், ஏற்ற இறக்கம் இருந்தது. முதல் இரண்டு நிமிடம் கூடவே போனேன். மூன்றாவது நிமிடத்தில் 'மாவட்ட வளர்ச்சி மன்றம்' என்ற இடத்தில் நின்றேன். நான்தான் நின்றேன். அவர் நிற்கவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி அவரைப் பிடித்தபோது பேச்சு மாவட்டத்தை விட்டு உரத்துக்கு வந்திருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பக்கத்து வரிசையில் அண்ணாச்சி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் ஃபேன் இல்லை.

திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் ஏறி ஜன்னல் இடம் பிடித்தேன். என் கால் அவ்வளவு நன்றாக இருந்தது அதற்கு முன்னும் பின்னும் கிடையாது. உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டேன். ஐந்நூற்றியொரு சுற்று, சுற்றுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் நாற்பத்தொரு மணி நாற்பத்தைந்து நிமிடம். அந்தப் பன்னிரண்டு நாளில் சுருக்கெழுத்து எழுதியது சைபர். அம்மனின் கால் வலியைப் பங்கு போட்டுக்கொண்டேன். என் தேர்வைப் பங்கு போட அம்மன் வரவேண்டும் என்று எதிர்பார்த்ததுதான் தவறு. அவளுக்கு அந்த நாளில் வேறு வேலை இருந்தது.

முடிவு அக்டோபரில் வந்தது. நான் தோற்றிருந்தேன். அண்ணாச்சியும் தோற்றிருந்தார், நான்காவது முறையாக. என் கையில் இன்னும் ஒரே ஒரு தேர்வு இருந்தது. அது பிப்ரவரியில். அதுவும் போனால் திருநெல்வேலிக்கு வேறு ஆள் வந்துவிடுவார். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே நான் இன்ஸ்டிடியூட்டுக்குப் போவதை நிறுத்தினேன். டீக்கடைக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று வேறு தெருவழியாகப் பஸ் நிலையத்துக்குப் போனேன். அதற்காகத் தினமும் கூடுதலாகக் கால் மைல் நடந்தேன். நடப்பதில் மட்டும் எனக்கு எப்போதும் ஊக்கம் குறையவில்லை.

ஒன்பது நாள் கழிந்தது. பத்தாம் நாள் காலை அண்ணாச்சி அலுவலகம் போகிற வழியில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை. ஒரு கால் தரையில் இருந்தது.

"என்னவே, அந்தச் சீட்டுக்கு ஒரு முடிவு சொல்லும்."

"எந்தச் சீட்டு அண்ணாச்சி?"

"ஃபேனுக்குக் கீழ உள்ள சீட்டு. ஒம்பது நாளா என் துண்டைப் போட்டு வச்சிருக்கேன். அந்தப் புளியங்குடிப் பையன் தினமும் சண்டைக்கு வாரான். நேத்து டீச்சரம்மாவும் ஏசிட்டாவ. எங்கிட்ட வேற துண்டும் கிடையாது வே, வேர்வையத் தொடைக்க."

"நான் இனிமே வரல. அவங்கிட்டயே கொடுத்திருங்க."

"அத நீரு வந்து உம்ம வாயால சொல்லும். நான் சொன்னா, பெறவு எதுக்குவே இத்தன நாளு வச்சிருந்தீருன்னு கேப்பான்லா. எனக்கு அதுக்குப் பதில் தெரியாது."

மாலை போனேன். இடத்தை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். புளியங்குடிப் பையன் வரவில்லை. அவன் பஸ் தாமதம். அவன் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் ஸ்டாப் வாட்சை அமுக்கினார். உட்கார்ந்திருக்கிறவன் சும்மா இருந்தால் நன்றாக இராது என்று பென்சிலை எடுத்தேன். எலுமிச்சை விலை பற்றிய தலையங்கம் அது. பையன் வந்தபோது நான் நடுவில் இருந்தேன். அவன் முறைத்துக்கொண்டே ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நாளைக்குச் சொல்லிக்கிடலாம்," என்றார் அண்ணாச்சி, துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தபடி.

மறுநாளும் அவன் பஸ் தாமதம். அந்த வழித்தடத்தில் பஸ் நேரத்துக்கு வந்தது என்று ஒரு செய்தியும் நான் அனுப்பியதில்லை. மூன்றாம் நாள் போகாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். போகாவிட்டால் அண்ணாச்சி மறுபடி துண்டு போடுவார், மறுபடி டீச்சரம்மாவிடம் ஏச்சு வாங்குவார், மறுபடி என் வாசலில் சைக்கிளை நிறுத்துவார். அதைவிடப் போய்விடுவது சுலபமாக இருந்தது. இப்படியே அக்டோபர் போனது.

ஒரு நாள் அவரிடம் கேட்டேன்.

"நாலு தடவ ஃபெயில் ஆயிருக்கீய. சலிக்கலியா அண்ணாச்சி?"

"ஃபெயில் ஆகுதது வருசத்துக்கு ரெண்டு நாளு வே. மிச்ச நாளெல்லாம் ஃபேன் ஓடுதுல்லா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் அதைச் சிரிக்கிறதற்காகச் சொல்லவில்லை.

நவம்பரில் மழை. டிசம்பரில் மாஸ்டர் ஃபேனை நிறுத்தினார். அண்ணாச்சி இனி வரமாட்டார் என்று எதிர்பார்த்தேன். வந்தார். காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு, ஓடாத ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். இப்போது எந்த நாற்காலியும் ஒன்றுதான். புளியங்குடிப் பையன்கூடச் சண்டையை விட்டுவிட்டான்.

"குளிருதுல்லா. இப்ப ஏன் வாரீய?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இதுகூடத் தெரியாமல் எப்படிப் பத்திரிகையில் இருக்கிறான் என்று கேட்பதுபோல் இருந்தது.

"இப்ப விட்டா மாசியில சீட்டு இருக்குமா வே?"

நானும் வந்துகொண்டிருந்தேன். எனக்கு ஊக்கம் வந்துவிட்டதா என்று சில நாள் சோதித்துப் பார்த்தேன். வரவில்லை. படி ஏறும்போது ஒவ்வொரு நாளும் இறங்கிப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஆறு மணிக்குள் அங்கே உட்கார்ந்திருந்தேன். போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற வேலை என்னிடமிருந்து போயிருந்தது. அந்த வேலைக்குத்தான் அதுவரை முழு நேரத்தையும் செலவழித்திருக்கிறேன் என்பது அப்போது தெரிந்தது. சுவரில் காலண்டரை மாற்றியபோது 'நிமிடத்துக்கு எண்பது' மறுபடி வெளியே வந்தது. ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. அம்மா அதைக் கிழித்து அடுப்பில் போட்டாள். நான் தடுக்கவில்லை. அந்த வாரம் என் வேகம் எழுபத்திரண்டுக்கு வந்திருந்தது.

விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே மாஸ்டர் என் முன்னால் வைத்தார். பக்கத்தில் அண்ணாச்சியின் விண்ணப்பம். நிரப்பித் தர எனக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மாஸ்டர் அவருடையதையும் என்னிடம் தள்ளினார். ஆகவே இரண்டையும் நிரப்பினேன்.

பிப்ரவரியில் இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அண்ணாச்சி பொட்டலத்தில் இட்லி கொண்டுவந்திருந்தார். போகும் வழியில் பேசவில்லை, தூங்கினார். நான் தூங்கவில்லை. இந்த முறை தோற்றால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குக் கட்டு இறக்குவேன், வீடு வீடாகப் போடுவேன், அந்தப் புது நிருபர் எழுதியதையும் சேர்த்துப் போடுவேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அதே பாலிடெக்னிக், அதே குரல். கூட்டுறவுச் சங்கங்கள் பற்றி வாசித்தார். மூன்றாவது நிமிடம் வந்தது, போனது. அது போய்விட்டது என்பதை நான்காவது நிமிடத்தில்தான் கவனித்தேன். இரண்டு இடத்தில் சொல் விட்டுப்போனது. ஒரு இடத்தில் 'உறுப்பினர்' என்று எழுதியதை 'உற்பத்தி' என்று பெயர்த்துவிட்டு, பொருள் வராமல் பார்த்து, அடித்துத் திருத்தினேன். வெளியே வந்ததும் அண்ணாச்சி, "வராண்டாவுல நல்ல காத்து," என்றார்.

ஏப்ரலில் மாஸ்டர் முடிவுத் தாளைப் பின் அறைச் சுவரில் ஒட்டினார். நான் தேறியிருந்தேன், இரண்டாம் வகுப்பில். எனக்கு மேலே அண்ணாச்சியின் எண் இருந்தது. முதல் வகுப்பு.

அவர் அதை மூன்று முறை படித்தார். முகம் தொங்கிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, ஃபர்ஸ்ட் கிளாஸ்லா?"

"பாஸ் ஆயிட்டேன்னா நாளைலருந்து எங்க போக?"

மாஸ்டர் ஸ்டாப் வாட்சைத் துடைத்துக்கொண்டே, "ஹையர் இருக்கு," என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் நேரே கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கிவந்து பூசினாள். "ஐந்நூத்தியொண்ணு சுத்துனது வீண் போகல மக்கா. அம்மா கொஞ்சம் தாமசமாக் குடுத்திருக்கா, அவ்வளவுதான்." நான் மறுக்கவில்லை. டீக்கடைக்காரரும் அதையே சொன்னார். பஸ் நிலையத்துத் தண்ணீரை ஞாபகப்படுத்தினார்.

ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முதல் நாள் மாலை இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். என் நாற்காலியில் புளியங்குடிப் பையன் இருந்தான். பஸ்ஸுக்குக் காத்திராமல் இங்கேயே அறை எடுத்துவிட்டானாம். அண்ணாச்சி தன் இடத்தில், புது நோட்டுடன்.

"ஹையருக்குப் பேரு குடுத்துட்டேன்," என்றார். "கத்திரி வெயில் வருதுல்லா."

மே மாதம் முதல் வாரம் திருநெல்வேலி அலுவலகத்தில் சேர்ந்தேன். சான்றிதழை எடுத்துச் செய்தி ஆசிரியரின் மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்காமலே இழுப்பறையில் போட்டார். மழைச் செய்தியை மட்டும் அவர் மறந்திருக்கவில்லை. "இனிமேல் ஊர்ப் பெயரை எழுதும்," என்றார். பிறகு கூடத்தைக் காட்டினார். அங்கே மூன்று மேசைகள் காலியாக இருந்தன. ஒன்று ஜன்னல் ஓரம். ஒன்று டெலிபிரிண்டருக்குப் பக்கம். எது வேண்டும் என்று கேட்டார்.

நான் மேலே பார்த்தேன். மூன்றாவது மேசைக்குப் போய், நாற்காலியில் என் துண்டைப் போட்டேன்.